எக்ஸ் போட்ட கதவு

சிட்லபாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த எண்பதுகளின் தொடக்கத்தில், ஊருக்குள் ஒரு செய்தி வரவேண்டுமானால் யாராவது நடந்து வந்து சொல்லியாக வேண்டும். சானடோரியம் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் ரயிலை விட்டு இறங்கி, தண்டவாளத்துக்குக் கிழக்கே வந்தால் செம்மண் தெருக்கள், காலி மனைகள், நடுநடுவே ஓட்டு வீடுகள், அதற்கும் அப்பால் ஏரி. எழும்பூருக்கோ கடற்கரைக்கோ வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் இரவில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் 1931 முதல் அந்த மின்சார ரயிலின் தொழில். பகலெல்லாம் ஊரில் இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும். அவர்களுக்குத்தான் செய்தி தேவைப்பட்டது.

ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். ‘பாமாயில் வந்துள்ளது’, ‘மண்ணெண்ணெய் வெள்ளிக்கிழமை’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த ஒருத்தி படித்துவிட்டால் போதும், தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் பத்து நிமிடத்தில் போய்விடும். அடுத்த வாரம் கோயிலில் காப்புக் கட்டு என்பதைச் சுவரில் ஒட்டிய மஞ்சள் நோட்டீஸ் சொல்லும். தியேட்டரில் படம் மாறினால் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு வந்து கலர் காகிதங்களை வீசிவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கக் குழந்தைகள் பின்னாலேயே ஓடும். வீட்டில் கரண்ட் போனால் மின்வாரிய ஆபீசுக்கு நடந்துபோய், அங்கே கிடக்கும் நோட்டுப் புத்தகத்தில் வீட்டு எண்ணை எழுதிவிட்டு வரவேண்டும். லைன்மேன் வந்தால் வந்தார்.

ஊரின் பழைய பகுதியில் தண்டோராவும் இருந்தது. வரி கட்டச் சொல்லி, ஏரியில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று சொல்லி, தடுப்பூசி போடுகிறார்கள் என்று சொல்லி ஒரு பெரியவர் தெரு முனையில் நின்று பறையைத் தட்டி அறிவிப்பார். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவரைப் பார்ப்பேன். வரி கட்ட அவர் பெயரில் வீடு இல்லை. தண்ணீர் திறந்தால் பாய்வதற்கு அவருக்கு நிலம் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு அந்தச் செய்தியில் ஒரு வரிகூடச் சொந்தம் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த முனைக்குப் போய்விடுவார்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாமே என்று எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுதினார். அந்தச் சத்தம் ஓய்ந்ததில் எனக்கு முழு மனநிறைவு. பழைய காலம் என்பதற்காக அதை நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஒருவருடைய பிறப்பைக் காரணமாக வைத்து அவர் தோளில் மாட்டிய வேலை அது.

இன்றைக்கு என் கைப்பேசியில் காலை ஆறு மணிக்குள் வந்து விழுபவற்றைப் பார்க்கிறேன். நாளை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை, இன்னின்ன தெருக்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை. சமூக நலக்கூடத்தில் கண் பரிசோதனை. ஞாயிறு காலை ஏரிக்கரையில் மரம் நடுகிறார்கள், மண்வெட்டி இருந்தால் கொண்டுவரவும். தெரு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி. ஆதாரில் முகவரி மாற்றம். குழந்தைகளுக்குச் செஸ் போட்டி. இத்தனையும் நடக்கிற ஊர் இது. நான் குடிவந்தபோது இதில் கால்வாசி கிடையாது.

கிடைத்திருக்கும் வசதிகளை மனதாரச் சொல்லியாக வேண்டும். 2021இல் மின்னகம் வந்தது. 94987 94987 என்று ஒரே எண். இரவு இரண்டு மணிக்கும் கூப்பிட்டுச் சொல்லலாம், புகார் எண் குறுஞ்செய்தியில் வரும். நோட்டுப் புத்தகத்தில் எழுத இருட்டில் நடந்துபோன தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஏரியின் கதையும் அப்படித்தான். 80 ஏக்கருக்கு மேல் இருந்த சிட்லபாக்கம் ஏரி ஆக்கிரமிப்பால் 50 ஏக்கருக்கும் கீழே சுருங்கி, கரையில் குப்பை மலையாகிக் கிடந்தது. 2019 கோடையில் கிணறெல்லாம் வற்றியபோது, ஊர் இளைஞர்கள் கைப்பேசி வழியாக ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் ஏரிக்குள் இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதவர்கள் ஒன்றாக நின்று பிளாஸ்டிக்கையும் சேற்றையும் வாரினார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. சாக்பீஸ் பலகையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு கூட்டத்தைச் சேர்த்திருக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு, ஊரின் செய்தி ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்கிறேன். சென்ற ஆண்டு நடந்த ஒன்று என்னை உறங்கவிடவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அடுக்ககம் இருக்கிறது. அதன் வாட்ச்மேன் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மனைவியோடு கீழே, லிஃப்டுக்குப் பின்னால் உள்ள அறையில் குடியிருக்கிறார். 2025 ஜூலையில் அரசின் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்குவதற்கு முன்பே தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் விண்ணப்பத்தையும் விவரக் காகிதத்தையும் கொடுத்தார்கள். நகரப் பகுதியில் 13 துறைகளின் 43 சேவைகள் ஒரே இடத்தில். 45 நாளுக்குள் தீர்வு. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அடுக்ககங்களுக்கு உள்ளே யாரையும் விடுவதில்லையே, அதனால் காகிதக் கட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவின் கீழும் ஒரு காகிதம் செருகினார். மீந்ததைப் பத்திரமாகச் செயலாளரிடம் கொடுத்தார்.

முகாம் முடிந்து சில வாரம் கழித்து அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஊரிலிருந்து வட்டிக்கு வாங்கித்தான் அறுவை சிகிச்சை. நான் போய்ப் பார்த்தபோது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா என்று கேட்டேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டம் அது. அதற்குத்தான் அந்த முகாமில் தனி மேசையே போட்டிருந்தார்களே, அந்தக் காகிதத்தில் இருந்ததே என்றேன்.

“அதெல்லாம் வீட்டுக்காரங்களுக்குன்னு நெனச்சேன் டீச்சரம்மா. எங்ககிட்ட யாரும் சொல்லலையே” என்றார்.

கட்டு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. அவர் படிக்கத் தெரிந்தவர். ராத்திரி வேலையில் தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிப்பார். ஆனால் அந்தக் கட்டிடத்தில் வாழும் ஒருவராக அவரை யாரும் எண்ணியதில்லை, அதனால் அவரும் எண்ணிக்கொள்ளவில்லை. பறையடித்த பெரியவர் போய்விட்டார், பறையும் போய்விட்டது; செய்தியைச் சுமக்கிறவரைச் செய்திக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் மட்டும் புது உடுப்பு மாட்டிக்கொண்டு கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது.

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த ஊரிலேயே இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். இங்கே நாளை தண்ணீர் வராது என்பது அங்கே தெரிகிறது. இங்கே குடியிருக்கும் வாடகைக்காரருக்குப் பல குழுக்களில் இடமில்லை. பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு, இஸ்திரி வண்டிக்காரருக்கு, கட்டிட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு நிச்சயமாக இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அந்த அட்டை இருந்தால் எங்கள் ரேஷன் கடையிலேயே அவர்கள் அரிசியோ கோதுமையோ வாங்கலாம். அந்தக் கொட்டகையில் கேட்டபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சேவைகள் பெருகப் பெருக, அவை யாருக்காக வந்தனவோ அவர்களை விட்டுவிட்டு, அவை இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களின் கைப்பேசிகளில் வந்து நிரம்புகின்றன.

இதற்கு வேறு வழி உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் போலியோ சொட்டு மருந்து நாள் தொடங்கியது. நாடு முழுவதற்குமாக 1995இல். ஆசிரியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் சுகாதாரச் செவிலியர்களோடு சேர்த்து அனுப்புவார்கள், நானும் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்திலும் ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் மேசை போட்டுச் சொட்டு மருந்து கொடுப்போம். ஆட்டோவில் மைக் சுற்றும். வந்த குழந்தையின் இடது கைச் சுண்டு விரலில் மையால் ஒரு கோடு. மேசையை எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். மேசைக்கு வந்தவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், வராதவர்கள்தான் நம் கணக்கு என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த செவிலியர் சொன்னார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெருத் தெருவாக நடப்போம். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து வயதுக்குக் கீழே யார் யார் என்று கேட்டு, சுண்டு விரலைப் பார்த்து, எல்லாக் குழந்தைக்கும் மருந்து விழுந்துவிட்டதென்றால் கதவிலோ சுவரிலோ சாக்பீஸால் ஆங்கில எழுத்து ‘பி’ போடுவோம். வீடு பூட்டியிருந்தால், குழந்தை பாட்டி ஊருக்குப் போயிருந்தால், தாய் வேண்டாம் என்றால் ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டும். அன்று மாலையே போகவேண்டும், இல்லையென்றால் மறுநாள். எங்கள் தாளில் எத்தனை பி என்று மேலிடத்தில் யாரும் பாராட்டியது கிடையாது. எக்ஸ் எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி.

ஏரியை ஒட்டிய குடிசைப் பகுதியில் ஒரு வீட்டில் எப்போது போனாலும் பூட்டு. தாய் விடிவதற்குள் பல்லாவரம் சந்தைக்குக் கீரை விற்கப் போய்விடுகிறாள், குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை அவளைச் சந்தையிலேயே தேடிப் பிடித்தோம். கீரைக் கட்டுகளுக்கு நடுவே அந்தக் குழந்தை வாயைத் திறந்து இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டது. திரும்பி வந்து அந்தக் கதவில் எக்ஸை அழித்துப் பி போட்டபோது செவிலியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்படி வீடு வீடாக அழித்து அழித்துத்தான் 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. எந்தப் பெரிய கணினியும் இல்லாத காலத்தில் தொடங்கிய வேலை அது. சாக்பீஸ் மட்டுமே இருந்தது. கூடவே, யார் விடுபட்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் மனம் இருந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை இந்தப் பக்கத்தவர்கள் யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் செத்தன. பணக்காரர், ஏழை எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்தி நின்றுபோனது. அந்த இரண்டு மூன்று நாளில் எங்கள் பகுதியில் பையன்கள் முட்டளவு தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு கேட்டிலும் நின்று, “உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார்கள். பதில் வராத வீட்டைத் தாண்டிப் போகவில்லை. சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். அந்தக் கூப்பிடுதலில் சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேதம் இல்லை. கரண்ட் வந்ததும் வாட்ஸ்ஆப் குழு உருவானது. அந்தப் பையன்கள்தான் உருவாக்கினார்கள். நல்ல எண்ணத்தோடுதான். பிறகு வந்த ஆண்டுகளில் அது சங்கத்தின் குழுவாகி, சங்கம் சொந்தக்காரர்களின் சங்கமாகி, மெல்ல வாசலைச் சாத்திக்கொண்டது.

கதவு கதவாகப் போய்ச் சொல்வது அரசுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்களே, அதற்கு ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக வந்து டோக்கன் கொடுத்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கடைக்கு வரவேண்டும் என்பது அதில் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு மகளிர் உரிமைத் தொகைக்கும் அதே மாதிரி டோக்கனும் விண்ணப்பமும் கதவுக்கே வந்தன. முதல் கட்டத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது. பொங்கல் பரிசுக்கும் டோக்கன் வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் பூத் சிலிப் தேடி வருகிறது. சொல்லியாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் தமிழ்நாட்டில் சொல்லாமல் விடப்படும் வீடு மிகக் குறைவு. ரேஷன் அட்டையின் முகவரி எங்கேயோ இருக்க, ஆள் இங்கே இருக்கிற வாட்ச்மேன் போன்றவர்கள்தான் அதிலும் நழுவிவிடுகிறார்கள். அவர்கள் எண்ணிக்கையோ இந்த மாதிரிப் புறநகரில் கூடிக்கொண்டே போகிறது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளோடு, எங்கள் சிட்லபாக்கம் உட்பட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகள். பேரூராட்சி ஆபீசுக்கு நடந்துபோய்க் கேட்டுப் பழகிய முதியவர்களுக்கு, இனி எந்த மண்டலம், எந்த வார்டு என்பதே புதுப் பாடம். ஆனால் அதோடு ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது: பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, வார்டு உறுப்பினர் தலைமையில் மக்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதலமைச்சரே எங்கள் மாநகராட்சியின் பம்மலுக்கு வந்து ஒரு பகுதி சபையில் கலந்துகொண்டார். வாடகைக்காரர் வரலாம், வேலைக்கு வரும் பெண் வரலாம், யாரும் யாரையும் குழுவில் சேர்க்க வேண்டியதில்லை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் கூட்டம் என்றைக்கு என்பதே திரும்பவும் கைப்பேசிக்குத்தான் வருகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். பேச்சும் எங்கள் பாதாளச் சாக்கடை, எங்கள் தெருவிளக்கு என்றே சுற்றுகிறது.

ஆகவே நானும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். ஒருவர் அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவர், போலியோ நாள்களில் என்னோடு நடந்தவர். இஸ்திரி வண்டிக்காரர் தன் வண்டியின் பக்கவாட்டில் ஒரு கரும்பலகை மாட்டிக்கொள்ளச் சம்மதித்தார்; அந்த வாரத்து முகாம், மின்தடை, ரேஷன் கடைச் செய்தி எல்லாம் அதில் எழுதுகிறோம். அவர் தெருத் தெருவாகப் போகிறவர், பலகையும் போகிறது. எழுதும்போது முதலில் அவருக்கு என்ன பயன் என்று பார்த்து, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருக்கிறோம். டீக்கடையில் இன்னொரு பலகை.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் உள்ள வீடுகளைக் கதவு கதவாக எழுதினோம். லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் அறை, மொட்டை மாடியில் தகரம் போட்ட போர்ஷன், கடைக்குப் பின்னால் குடியிருப்பவர்கள், கட்டிடக் கொட்டகை எல்லாமே அதில் கதவுகள்தான். ஒவ்வொரு முகாமுக்கு முன்னும் யாரிடம் நேரில் சொன்னோம் என்று பி, சொல்ல முடியாமல் போனால் எக்ஸ். வாட்ச்மேன் மனைவிக்குக் காப்பீட்டு அட்டை வாங்கியாயிற்று. பட்ட கடன் அப்படியே நிற்கிறது.

அடுத்த பகுதி சபையில் வார்டு உறுப்பினரிடம் ஒன்று கேட்கப்போகிறோம். முகாம் முடிந்ததும் எத்தனை மனு வந்தது என்று அறிவிக்கிறார்கள், நல்லது. எந்தத் தெருவில் எத்தனை கதவுக்குச் சொல்ல முடியாமல் போனது என்பதையும் அதே பலகையில் எழுதி மாட்டவேண்டும்; அந்தத் தெருக்களில் அடுத்த வாரமே இரண்டாம் முறை மேசை போடவேண்டும். போலியோவுக்குச் செய்ததைக் காப்பீட்டு அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் செய்ய முடியாதென்று யாராவது சொன்னால் காரணம் கேட்போம்.

இந்த வாரக் கணக்கில் ஒன்பது எக்ஸ் நிற்கிறது. ஏழு, கொட்டகையில் இருப்பவர்கள். வேலை நாளில் போனால் ஆள் இருக்காது, ஞாயிறு மாலைதான் போகவேண்டும். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இந்தி பேசுவாள், கூட வருகிறேன் என்றிருக்கிறாள். இன்னொன்று மாடி போர்ஷனில் தனியாக இருக்கும் பாட்டி; காது கேட்காது, எழுதித்தான் காட்டவேண்டும், பெரிய எழுத்தில். ஒன்பதாவது, இரவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் அறை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்துவிடுகிறாளாம். ஏழேமுக்காலுக்கே அவள் வாசலில் நிற்பதாக அங்கன்வாடி அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.